மோட்டார் இல்லாத லென்ஸ்

லென்ஸ் அசையவே இல்லை.

ஸ்டூடியோக்காரர் பொத்தானைப் பாதி அழுத்தினார், விட்டார், மறுபடியும் அழுத்தினார். பழைய கேமராவாக இருந்திருந்தால் இந்நேரம், தையல் இயந்திரத்தில் நூல் சுற்றும்போது எழுவதைப் போல ‘கர்ர்’ என்றொரு சத்தம் எழுந்திருக்கும். லென்ஸின் வளையம் முன்னும் பின்னும் ஓடித் தன் இடத்தைக் கண்டுபிடித்து நின்றிருக்கும். ‘பீப்’ என்ற குரலும் கேட்டிருக்கும். அந்தக் குரலை நம்பித்தான் அவர் இத்தனை ஆண்டுகள் பிழைப்பு நடத்தினார். புதிய கேமராவோ, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத மாணவனைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. அடாப்டர் என்று அதற்குப் பெயர். பழைய லென்ஸின் வாயும் புதிய கேமராவின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தா. இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகு வேலை அந்த வளையத்துக்கு. அவர் அதைக் கழற்றினார், ஊதினார், சட்டை நுனியால் துடைத்தார், மீண்டும் மாட்டினார். பூட்டு விழும் ‘டக்’ ஒலி மட்டும் சுத்தமாகக் கேட்டது. வெளியே காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மழை, தகரக் கூரைமீது மீண்டும் ஒரு பாட்டம் தொடங்கிற்று.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?” என்று கணினியின் முன்னாலிருந்து மனைவி கேட்டாள்.

“இது சத்தமே போடாத கேமராவாம்.”

“கேமரா போடாது, சரி. லென்ஸ் போடணுமே?”

அவளிடம் பொய் சொல்லித் தப்புவது கடினம். இந்தத் தொழிலில் அவர் செய்யும் பாதியைப் போலவே அவள் செய்யும் பாதியும் பெரிது. முன்னறையில் அவர் படம் எடுப்பார். நடுவறையில் அவள் திருத்துவாள். பருவை அழிப்பாள், கருவளையத்தைத் தணிப்பாள், நெற்றியில் விழுந்த முடியை ஒவ்வொன்றாக எடுப்பாள். ஊரில் பாதிப் பேருடைய தழும்புகள் அவளுக்கு மனப்பாடம். கடைத்தெருவில் எதிரே வருபவர்கள் வணக்கம் சொன்னால், “அந்த அம்மாவுக்கு இடது கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும், நான் எடுத்துட்டேன்” என்று அவர் காதோடு சொல்வாள்.

இப்போது அவளுடைய வலது தாடையிலேயே ஒரு கட்டி. பல்வலி என்று தொடங்கியது எலும்புவரை போயிருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை. எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் முகம் உள்வாங்கும், வாய் கோணலாம், பேச்சும் முன்போல் இராது என்று மருத்துவர் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பாலில் ஊறவைத்த ரொட்டியைத் தவிர வேறெதையும் அவளால் இப்போதே மெல்ல முடியவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “செவ்வாய்க்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுங்க. நம்ம லென்ஸ்ல.”

‘நம்ம லென்ஸ்’ என்றால் வேறு எதுவும் இல்லை. இப்போது வாய்மூடிக் கிடக்கிறதே, அதுதான். தொழில் தொடங்கிய ஆண்டில் வாங்கியது. ஒளி புகும் துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்து, கிட்டக் கண்ணில் ஃபோகஸ் பிடித்தால், இமை மயிர் ஊசிபோல் நிற்கும். காதுக்கும் தாடைக்கும் போவதற்குள் எல்லாம் பனிபோலக் கரைந்துவிடும். இடக்கன்னம் கேமராவின் பக்கம் வரும்படி அவள் உட்கார்ந்தால், வீங்கிய பக்கம் அந்தப் பனிக்குள் போய்விடும். கேமராவோடு வந்த புதிய லென்ஸ் அப்படியன்று. அது பட்டதையெல்லாம் பளிச்சென்று காட்டும், வீக்கத்தையும் சேர்த்து.

“புதுசுல எடுத்துட்டு நீயே கொஞ்சம் தொட்டுக்கயேன்?” என்று அவர் முன்பே கேட்டுப் பார்த்திருந்தார்.

“ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் தொட்டாச்சு. என் மூஞ்சியை நானே அழிச்சு எழுதினா, அப்புறம் எதைப் பாத்து இது நான்னு சொல்லுவேன்? நான் தொடாத படம் ஒண்ணு வேணும். தொடாமலே நல்லா இருக்கணும். அதை அந்த லென்ஸ்தான் குடுக்கும்.”

இப்போது மழைச் சத்தத்தைக் கேட்டபடி, அசையாத லென்ஸின் பின்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சின்னஞ்சிறு பள்ளம் இருந்தது. பழைய கேமராவின் வாயில் ஒரு பல் இருந்தது; கேமராவுக்குள்ளிருந்த மோட்டார் சுழலும்போது அந்தப் பல் இந்தப் பள்ளத்தில் புகுந்து லென்ஸைத் திருகும். லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. அடாப்டரை விரலால் துழாவினார். பல் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது.

பழைய கேமராவைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கி வந்திருந்தார்.

மறுநாள் காலை மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி; துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்; அக்காளின் அறுவைக்காக விடுப்பெடுத்து வந்தவன். விஷயத்தைக் கேட்டதும், “மாமா, சட்டையை மாட்டுங்க. கடைக்காரனை ஒரு தூக்குத் தூக்கிட்டு வருவோம்” என்றான்.

“தூக்கறதெல்லாம் வேண்டாம். கேட்டுட்டு வரலாம்.”

“எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே மாமா.”

கடை பளபளவென்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற விற்பனையாளன் அவரை அடையாளம் கண்டு சிரித்தான். சிரிப்பில் குறை ஒன்றும் இல்லை. குறை அவன் சொல்லில்தான் இருந்தது.

“எல்லா லென்ஸும் வேலை செய்யும்னு சொன்னீங்களே தம்பி,” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“செய்யுது சார். படம் விழுதுல்ல?”

“ஃபோகஸ் ஆகலையே.”

“கையால திருப்பிக்கணும் சார். மோட்டார் இருக்கிற லென்ஸ்னா தானா ஆகும். அன்னிக்கு ஒண்ணு போட்டுக் காமிச்சேனே, ஆச்சே?”

“அது உங்க கடை லென்ஸ். என் லென்ஸ்ல மோட்டார் இல்லையேன்னு நான் அன்னிக்கே கேட்டேனே. அடாப்டர் பாத்துக்கும்னு சொன்னீங்க.”

“அப்படியா சொன்னேன்?” விற்பனையாளன் உண்மையாகவே யோசித்தான். “பொதுவா சொல்லியிருப்பேன் சார்.”

பொதுவாகச் சொல்வதாம்! ‘எல்லாம்’ என்றால் எல்லாம். அதில் பொது ஏது, சிறப்பு ஏது? தெரியாது என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்காமல் ஒருவனை நூறு பொருள்களின் நடுவே நிறுத்திவைக்கிறார்களே, அவர்களை யார் கேட்பது? அந்த வளையத்தைச் செய்த நிறுவனத்தாருக்குக் கட்டைவிரல் நுனியளவு மோட்டார் ஒன்றை உள்ளே வைப்பது பெரிய காரியமா? வைத்தால் ஜனங்கள் பழைய லென்ஸையே கட்டிக்கொண்டு அழுவார்கள், புதியது விற்காது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது.

“பெட்டியிலயே போட்டிருக்கு சார்,” என்று விற்பனையாளன் ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினான். மைத்துனன் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தான்: “லென்ஸுக்குள் மோட்டார் இல்லாதவற்றுக்குத் தானியங்கி ஃபோகஸ் இயங்காது.” பிறகு, “எறும்பு ஊர்ற மாதிரி அச்சடிச்சிருக்கான். ஏன் மாமா, நீங்க இதைப் பாக்கலையா?” என்றான்.

“சார்கிட்ட குடுத்தேனே,” என்றான் விற்பனையாளன். “ரொம்ப நேரம் படிச்சாரு. படிச்சுட்டுத் தலையாட்டினாரு. அதுக்கப்புறம்தான் பில்லே போட்டேன்.”

மைத்துனன் மாமாவைப் பார்த்தான்.

அன்று அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருந்தபோது ஸ்டூடியோக்காரர் ஓர் எழுத்தையும் படிக்கவில்லை. அவரால் முடியவில்லை. இடக்கண் போய் நாளாகிவிட்டது. வலக்கண்ணின் நடுவிலும் ஒரு புகை வந்து உட்கார்ந்துவிட்டது. ஓரமெல்லாம் தெரியும், எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும் தெரியாது. கண் மருத்துவர், இது கண்ணாடி போட்டு வெல்லக்கூடியது அன்று என்று கைவிரித்திருந்தார். அதை அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை; சொல்லலாம் என்று நினைத்திருந்த வாரத்தில்தான் மனைவியின் கட்டிக்குப் பெயர் தெரிந்தது. அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு நோய்க்கு இடம் இருக்கவில்லை. மனிதரின் கண் எங்கிருந்தாலும் தானே தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்யும் கேமரா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடிவந்தது அதனால்தான். அவ்வளவு பெரிய உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, “எனக்கு எழுத்து தெரியவில்லை, நீ படி” என்று கடைக்காரனிடம் எப்படிச் சொல்வது? படம் எடுக்கிறவன் குருடன் என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதாதா?

இப்போது வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். திறக்காவிட்டால் முட்டாள் பட்டம். அவர் பட்டத்தை வாங்கிக்கொண்டார். “கவனிக்காம விட்டுட்டேன்,” என்றார்.

“சரி, விடுங்க. பழைய கேமராவைத் திருப்பிக் குடுங்க தம்பி,” என்றான் மைத்துனன்.

“அது அன்னிக்கே சர்வீஸ்காரர்கிட்ட போயிடுச்சே.”

தொலைபேசியில் சர்வீஸ்காரர் கூச்சமில்லாமல் பேசினார். “அந்த கேமரா பாடியா? பிரிச்சாச்சுங்க. ஷட்டர் ஒரு ஆளுக்கு, மோட்டார் ஒரு ஆளுக்கு. மீதி டப்பா இருக்கு, வேணுமா?”

ஸ்டூடியோக்காரர் அங்கேயே நின்று, தெரிந்த படக்காரர்கள் எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லோரும் புதிய கேமராவுக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஒருவரிடம் மட்டும் அதே பழைய கேமரா இருந்தது. ஆனால் அவர் ஏதோ தொழிற்சாலை வேலையாக வெளியூரில் கிடந்தார். “புதன்கிழமை வந்துடுவேன் அண்ணே, வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்,” என்றார் அவர். செவ்வாயை அடுத்த நாள்தான் புதன் என்பது அவர் குற்றம் அன்று.

திரும்பும் வழியில் மைத்துனன், “கையால திருப்பினா வராதா மாமா? எவ்வளவோ படம் எடுத்த கை,” என்றான்.

“வரும். வராம எங்க போகும்?” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. வானம் முழுவதும் ஒரே மேகம். முன்னறை ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் பால்போல் பரவியிருந்தது. முகம் எடுப்பதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மனைவி தலைவாரி, சாம்பல் நிறத்தில் ஒரு சேலை உடுத்தி, உயரமான முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் உட்கார்ந்த முக்காலி அது. அவள் அதில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“எப்படி வேணும் மேடத்துக்கு? பாஸ்போர்ட்டா, ஃபுல்லா?” என்றான் மைத்துனன்.

“நீ அந்த வெள்ளை அட்டையைப் பிடிச்சு வெளிச்சத்தை என் மேல திருப்புடா. பேசினா சிரிப்பு வருது, சிரிச்சா வலிக்குது.”

ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்தார். கையால் ஃபோகஸ் பிடிப்பவருக்கு உதவியாக, கூர்மையாக விழும் ஓரங்களைச் சிவப்புப் பொடி தூவியது போலக் காட்டும் வசதி அந்தக் கேமராவில் இருந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினார். சிவப்பு எங்கோ ஓரத்தில் மினுங்கிற்று. அதைப் பார்ப்பதற்காகக் கண்ணைத் திருப்பினால், அந்த இடத்தில் புகை வந்து மூடிற்று. பெரிதாக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தினார். பெரிய புகை. மூக்கா, புருவமா என்று ஊகித்து நிறுத்தி, அழுத்தினார். அந்த லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது கூர்மையாக விழும் இடத்தின் கனம் ஒரு நகத்தின் கனந்தான். அவள் மூச்சு விட்டாலே முகம் அதைத் தாண்டிப் போய்விடும்.

“மூச்சைப் பிடிக்கட்டா?”

“வேண்டாம், சாதாரணமா இரு.”

எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். கழுத்தில் வியர்த்தது. ஒருவழியாக நிறுத்தியதும் அவள் முக்காலியிலிருந்து இறங்கி, கேமராவை வாங்கி, கணினியில் மாட்டினாள். படங்கள் வரிசையாகத் திறந்தன. அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் தொழிலே அது.

“காது,” என்றாள் ஒன்றைப் பார்த்து. “சேலைக் கரை. பின்னாடி சுவர். இதுல காது. இதுல ஒண்ணுமே இல்ல.”

“நீ கொஞ்சம் அசைஞ்சே போல.”

“ஒரு தடவை அசைவேன். ரெண்டு தடவை அசைவேன்.” நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “ஒண்ணு கண்ணுக்கு முன்னாடி விழுது, அடுத்தது கண்ணுக்கு ரொம்பப் பின்னாடி விழுது. தேடுறவன் கை இப்படிப் போகாது. கிட்ட கிட்ட வந்துடும். இது தேடவே இல்லைங்க. குத்துமதிப்பா நிறுத்தியிருக்கு.”

அவர் வெள்ளை அட்டையைப் பார்ப்பதுபோல நின்றார்.

“எவ்வளவு நாளா?”

“எது?”

“என்கிட்டயேவா?”

மைத்துனன் அட்டையைக் கீழே வைத்தான். ஸ்டூடியோக்காரர் மென்று விழுங்கி, ஒன்றுவிடாமல் சொன்னார்: இடக்கண்ணை, வலக்கண்ணை, மருத்துவர் கைவிரித்ததை, எறும்பெழுத்துப் பெட்டியை. அவர் முடித்ததும், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, “ரெண்டு வருஷமா எல்லாப் படமும் கண்ணுல கச்சிதமா விழுந்துச்சு,” என்றாள். “உங்க கை பழகிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். எல்லாம் அந்த மோட்டாரா?”

“மோட்டார்தான்.”

“என் கட்டியைப் பாத்துப் பாத்து அழுதீங்களே. அதையாவது பாத்தீங்களா, இல்லையா?”

“தொட்டுப் பாத்தேன்,” என்றார் அவர்.

தெருவில் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஸ்டூடியோ திறந்திருக்கிறதா என்று குரல் கொடுத்தார். “இல்ல, நாளைக்கு வாங்க!” என்று மைத்துனன் கத்தி அனுப்பினான். பிறகு அக்காளிடம், “அக்கா, எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா ரெண்டு பேரும் திட்டக் கூடாது,” என்றான்.

“சொல்லித் தொலை.”

“கிரேன்ல நான் தூக்குற பெட்டி எங்க இறங்குதுன்னு எனக்குத் தெரியாது. கீழ ஒருத்தன் நின்னு கையைக் காட்டுவான். மேல, கீழ, நில்லு. நான் அவன் கையை மட்டும்தான் பாப்பேன். விரக்கடை பிசகாம இறக்குவேன். எது கூர்மை, எது மங்கல்னு எனக்குப் பிடிபடாது, உனக்குத்தான் தெரியும்; நீ திரையைப் பாத்துச் சொல்லு. வளையத்தை நான் திருப்பறேன்.”

அவள் யோசித்தாள். கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் ஏற்றினார்கள். கம்பியைக் கணினியோடு சேர்த்து, திரையைத் தூக்கி ஜன்னலோரம் ஸ்டூல்மேல் வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்குத் தன் முகம் பெரிதாகத் தெரியும்படி. மைத்துனன் லென்ஸைப் பிடித்தான். பொத்தானை அழுத்தவாவது தன்னால் ஆகும் என்று ஸ்டூடியோக்காரர் கையை நீட்டினார். கை பட்டால் கேமரா அதிரும், சில நொடிக்கு ஒருமுறை தானே எடுக்கும்படி வைத்துவிடலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மிச்சமிருந்தது வெள்ளை அட்டை. அவர் அதை எடுத்துப் பிடித்தார்.

“கொஞ்சம் மேல… மாமா, அட்டையை மேல,” என்றான் மைத்துனன்.

“உள்ள திருப்புடா. உள்ள. போதும். ஐயோ, தாண்டிட்டே. பின்னாடி வா. ஒரு மயிரளவு. நில்லு!”

கேமரா தானாக எடுத்தது.

“புருவம்,” என்றாள். “இன்னும் ஒரு இழை.”

“இழைன்னா எவ்வளவு? எங்க ஃபோர்மேன் இழைன்னா ஒரு சாண்.”

“சிரிக்க வைக்காதடா, பாவி!”

இப்படியே போயிற்று. அவளுக்கு வலித்தது, இடையில் இரண்டு முறை இறங்கிப்போய்க் கன்னத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணில் விழுந்த படங்கள் வரத் தொடங்கின. ஆனால் அவற்றிலெல்லாம் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்த திரையைத்தான் பார்த்தாள். வாய் பாதி திறந்து, ‘நில்லு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேமராவைப் பார்த்த படங்களில் திரையைப் பார்க்க ஆளில்லாததால் ஃபோகஸ் தவறியது.

“நான் சொல்றேன் திரையைப் பாத்து,” என்று ஒருமுறை ஸ்டூடியோக்காரர் வாயெடுத்தார். எடுத்த வாயை உடனே மூடிக்கொண்டார். மற்ற இருவரும் கேட்காதவர்களைப் போல இருந்தார்கள்.

கடைசியில் ஒன்று வந்தது. மைத்துனன் வளையத்தை விட்டுவிட்டிருந்தான். அக்காள் சொல்லாமலேயே கேமரா எடுத்துவிட்டது. அவள் எதற்கோ திரும்பியிருந்தாள். எதற்கு என்பதை அவளே திரையில் பார்த்துத்தான் அறிந்தாள்: கை வலித்து அட்டையை மாற்றிப் பிடித்த புருஷனைப் பார்த்திருக்கிறாள். இமை மயிர் ஊசிபோல் நின்றது. தாடை பனிக்குள் போயிருந்தது.

“போதும்டா,” என்றாள். “இதுதான்.”

“எங்க, காட்டு,” என்று குனிந்த மைத்துனன், குனிந்தபடியே நின்றான். அவனுக்குக் கேலி எதுவும் வரவில்லை. பிறகு, “நல்லா இருக்கக்கா” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

அவள் திரையை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். “வாங்க. பாருங்க.”

ஸ்டூடியோக்காரர் அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையின் ஓரத்தில் ஜன்னல் விளிம்பு தெரிந்தது. சாம்பல் நிறச் சேலையின் தோள்மடிப்புத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை இருந்தது. தலையைச் சற்றே திருப்பினார். புகையும் கூடவே திரும்பியது.

“நல்லா வந்திருக்கு,” என்றார்.

“அதையா கேட்டேன்? தெரியுதா?”

அவள் சுட்டியின் சக்கரத்தை உருட்டினாள். படம் பெரிதாயிற்று; முகம் மட்டும் திரையை நிறைத்தது. “இப்போ?”

“ம்.”

மீண்டும் உருட்டினாள். ஒற்றைக் கண் திரை முழுவதும் வந்து நின்றது. ஃபோகஸைச் சரிபார்க்க எல்லா முகங்களையும் அவள் அவ்வளவு பெரிதாக்கித்தான் பார்ப்பாள். அதற்கு மேல் போவதில்லை. “இப்போ?”

“இமை…” என்று இழுத்தார்.

“இமை எங்க? கையை வெச்சுக் காட்டுங்க.”

அவர் கை மடியைவிட்டு எழவில்லை. அவள் உருட்டினாள். கண்மணி மட்டும் நின்றது. பிறகு அதில் ஒரு பகுதி. பிறகு அது கண் என்றே சொல்ல முடியாதபடி பழுப்பும் கறுப்புமாகச் சதுரங்கள். “அக்கா, விடுக்கா, எல்லாம் கட்டம் கட்டமாயிடுச்சு,” என்றான் பின்னாலிருந்து மைத்துனன்.

“தெரியுது,” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“என்ன தெரியுது?”

“நிறம்.”

அவள் சக்கரத்தை மேலும் உருட்டினாள். அதற்கு மேல் படம் பெரிதாகவில்லை.